சாமான் வானுக்கு மலிவாகச் சீலிங் அடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாமான் ஏற்றிய பழைய டொல்பின், கேடிஎச் மாதிரி டொயோட்டா வானொன்றை வாங்கி, உள்ளே கட்டில், சின்ன அடுப்பு, இரண்டு லைட் என்று போட்டுப் படுத்தெழும்பும் வானாக மாற்றுகிறவர்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் கூடிவிட்டார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல் திறந்த பிறகும் புது வான் கைக்கெட்டாத விலைதான். ஆகவே இருக்கிறதைத் திருத்துகிறோம். சிலர் சீசனுக்கு அறுகம்பேயில் வாடகைக்கு விட, சிலர் பிள்ளைகுட்டிகளோடு கதிர்காமம், நுவரெலியா போய்வர. தரைக்கும் கட்டிலுக்கும் காசு முடிந்த பிறகுதான் பெரும்பாலானோர் தலைக்கு மேலே பார்க்கிறார்கள். அந்தக் கட்டத்தில் கேட்கப்படும் கேள்விகள் இவை.

சீலிங் இல்லாமல் வெறும் தகரத்தோடு விட்டால் என்ன?

பகலில் சாமான் ஏற்றி, இரவில் வீட்டு முற்றத்தில் நிற்கிற வானென்றால் ஒன்றும் ஆகாது. காசை மிச்சம் பிடியுங்கள். உள்ளே ஆள் படுக்கப் போகிறதென்றால் கதை வேறு. கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து காற்று வந்தாலும், காய்ந்த தகரத்திலிருந்து இறங்கும் வெக்கை நேராக உச்சியில் பிடிக்கும். தணலுக்கு முன்னால் நின்றால் முகம் சுடுகிறதே, அதே மாதிரி இது கதிராக வருகிறது. காற்று அடித்து அதைக் கலைக்க முடியாது. நடுவில் ஏதாவது மறைப்பு வேண்டும்.

இரவில் இன்னொரு தொல்லை. வானம் வெளித்த இரவுகளில் கூரைத் தகரம் சுற்றியுள்ள காற்றை விடக் குளிர்ந்துவிடும். கதவை மூடி இரண்டு பேர் படுத்தால், விடியுமட்டும் அவர்களின் மூச்சிலும் வியர்வையிலும் ஏறத்தாழ அரை லீற்றர் ஈரம் வெளியே வருகிறது. அது போய் ஒட்டுகிற இடம் அந்தத் தகரம்தான். விடியப்புறம் துளியாகி முகத்தில் விழும்.

வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுகிற மாதிரியே செய்யலாமா?

கை வேலை பழகப் பாருங்கள். கணக்கை அப்படியே எடுக்காதீர்கள். இங்கிலாந்திலும் ஜேர்மனியிலும் அவர்களுக்குப் பகை குளிர். ஹீட்டர் சூட்டை உள்ளே பிடித்து வைக்கத்தான் அந்தத் தடித்த கம்பளி, அந்தப் பிளாஸ்டிக் உறை எல்லாம். நமக்குக் கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிழலிலேயே 35 பாகையைத் தாண்டும் நாட்கள் உண்டு. வெயிலில் நிற்கிற தகரத்தில் கை வைக்க முடியாது. அதோடு ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. உப்பு காற்றிலேயே இருக்கிறது.

ஆகவே நம் பக்கத்துச் சீலிங் வெக்கையைத் திருப்ப வேண்டும், மேலே காற்று நிற்க இடம் விட வேண்டும், வேண்டிய நேரம் கழற்றிப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். காசு போதாவிட்டால் அழகில் குறையுங்கள், இவற்றில் குறைக்காதீர்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். முழுவதையும் பசை போட்டு ஒட்டிவிட்டு, இரண்டு மாரி கழித்து உள்ளே கறள் தின்றது தெரியாமல் இருக்கிறார்கள்.

வெள்ளித்தாள் ஷீட்டைத் தகரத்தோடு ஒட்டிவிட்டேன். இன்னும் சூடு குறையவில்லையே?

குறையாது. இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, ஆகவே கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

வீட்டு ஓட்டுக்குக் கீழே போடுகிற அந்த வெள்ளித்தாள் ஷீட், கதிராக வருகிற வெக்கையைத் திருப்பி அனுப்புகிறது. கதிர் வருவதற்கு இடைவெளி வேண்டும். தகரத்தோடு நெருக்கி ஒட்டினால் இடைவெளி இல்லை. சூடு தொட்டுத் தொட்டு இறங்கிவிடும், பளபளப்புக்கு அங்கே வேலையே இல்லை. ஷீட்டில் உள்ள மெல்லிய ஸ்பொஞ் மட்டும் ஏதோ கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான்.

வானின் கூரையை உள்ளிருந்து பாருங்கள். குறுக்கே சட்டங்கள் ஓடுகின்றன. தகரத்துக்கும் சட்டத்தின் அடிப்பக்கத்துக்கும் நடுவில் ஒரு அங்குலம் அளவு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளம் சும்மா கிடைத்த சொத்து. ஷீட்டைப் பள்ளத்துக்குள் திணிக்காமல், சட்டங்களின் அடியில் கூடாரத் துணி மாதிரி இழுத்துப் பிடியுங்கள். பளபளப்பான பக்கம் மேலே, தகரத்தைப் பார்த்து. இரண்டு பக்கமும் பளபளப்பென்றால் யோசிக்கவே வேண்டாம். 5 மில்லி ஷீட் போதும், 10 மில்லி கிடைத்தால் நல்லது. சட்டத்தில் பிடிக்க இரட்டைப் பக்க டேப் போதும். சீலிங் பலகை கீழே வந்து அழுத்தினால் பிறகு அது அசையாது.

முன்னும் பின்னும் ஒரு விரல் அளவு திறந்து விடுங்கள். உள்ளே போன ஈரம் வெளியே வர வழி வேண்டும். சிலிகன் அடித்து நாலு பக்கமும் அடைத்தால் ஈரத்தைச் சிறை வைத்த மாதிரி ஆகிவிடும்.

ஏசி போட்டுப் படுக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். அப்போது குளிர்வது சீலிங் பலகை. மேலே பள்ளத்தில் இருக்கிற ஈரக்காற்று அதன் முதுகில் பட்டு வியர்க்கும். பலகையின் மேற்பக்கத்துக்கும் வார்னிஷ் அடிக்கச் சொல்வது அதற்காகத்தான். கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தை மட்டும் மினுக்கி அடிக்கிறவர்கள் அதிகம்.

சீலிங்குக்கு முதலே கறள் வேலை செய்யத்தான் வேண்டுமா?

கட்டாயம். மீன் ஏற்றிய வானை வாங்கியிருந்தால் இரண்டு மடங்கு கட்டாயம்.

பழைய சீலிங்கைக் கழற்றியதும் டோர்ச் எடுத்துக்கொண்டு ஓரங்களைப் பாருங்கள். நடுக்கூரையில் கறள் பிடிப்பது குறைவு. கூரையும் பக்கத் தகரமும் சேருகிற மடிப்பில், மழைத்தண்ணீர் ஓடுகிற வாய்க்காலுக்கு நேர் கீழே, தேயிலைச் சாயம் வடிந்த மாதிரி ஒரு தடம் இறங்கியிருக்கும். அதன் மேல் நுனியை நகத்தால் சுரண்டினால் பெயின்ட் பொருக்காக எழும்பும். பொருக்குக்குக் கீழே தகரம் எவ்வளவு மீதி இருக்கிறது என்று ஸ்குரூட்ரைவர் நுனியால் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். உள்ளே போனால் டின்கர் வேலை. போகாவிட்டால் கம்பித் தூரிகையால் தேய்த்து, கறள் தடுக்கும் ரெட் ஒக்சைட் பெயின்ட் ஒரு கோட், மேலே எனாமல் ஒரு கோட்.

கூரைக் கரியர் பூட்டிய ஓட்டைகள், ரேடியோ ஏரியல் அடி, மேல் பிரேக் லைட், இவற்றையும் பாருங்கள். பிறகு ஒருவர் உள்ளே இருக்க, இன்னொருவர் வெளியே குழாயால் தண்ணீர் அடிக்கட்டும். பத்து நிமிஷம் அடித்து ஒரு சொட்டும் வராவிட்டால் சீலிங்குக்குப் போகலாம்.

எந்தப் பொருள் மலிவு? எது உங்கள் தேர்வு?

விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குகிறது. ஆகவே ரூபாய்க் கணக்கை விட்டு ஒழுங்கில் சொல்கிறேன். அடிமட்டத்தில் ஹார்ட்போர்ட். அதை வாங்காதீர்கள், ஒரு மாரிக்கே ஊதிப் பிசுபிசுத்துவிடும். அதற்கு மேலே 3 அல்லது 4 மில்லி பிளைவூட். பக்கத்திலேயே வீட்டுச் சீலிங்குக்குப் போடுகிற பிவிசி பட்டி. பிறகு பலகையில் துணி ஒட்டியது. குஷன் வேர்க்ஸ் கடையில் கொடுத்து ரெக்சின் அடிப்பது எல்லாவற்றையும் விடச் செலவு; ஈரம் போக வழியில்லாததால் பின்பக்கம் பூஞ்சணமும் பிடிக்கும்.

வாடகைக்கு விடுகிற வானென்றால் பிவிசி. மணலும் உப்புமாக ஆட்கள் ஏறி இறங்குவார்கள், ஈரத் துணியால் துடைத்தால் வேலை முடிந்தது. சொந்தப் பாவனைக்கென்றால் நான் பிளைவூட்டைத்தான் சொல்வேன். வளைக்கலாம், வெட்டலாம், பிடிக்காவிட்டால் பெயின்ட் அடிக்கலாம், லைட்டோ கொக்கியோ எங்கே வேண்டுமானாலும் பூட்டலாம்.

பன்பாய் அடிக்கலாமா?

அழகாக இருக்கும், காற்றும் போகும், நம் ஊர்ப் பெண்களின் கைவேலை. அடுப்பு இல்லாத வானில், பாயை மெல்லிய பலகைச் சட்டத்தில் இழுத்துப் பிடித்து, மாரிக்கு முன் கழற்றி உள்ளே எடுத்துவைக்க மனமிருந்தால் சரி. அடுப்பு இருக்கிற வானில் வேண்டாம். காய்ந்த பன்புல் எப்படிப் பற்றும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பிவிசி வெயிலில் வளையுமா?

வளையும், இடம் விடாவிட்டால். பிவிசி சூட்டுக்கு நன்றாக நீளும். 2 மீற்றர் பட்டி 40 பாகை சூடேறினால் கிட்டத்தட்ட 5 மில்லி நீளும். வீட்டில் சீலிங்குக்கு மேலே காற்றோட்டமான இடம் இருக்கிறது, அதனால் அது தெரிவதில்லை. வானில் காலையில் குளிராக இருக்கும்போது சுவரோடு சுவராக இறுக்கி வெட்டினீர்கள் என்றால் மத்தியானம் நடுவில் தொப்பை விழும். இரு நுனியிலும் இடம் விட்டு, ஓரத்தை மூடும் பட்டியால் மறையுங்கள். பட்டியில் ஆணி (ஸ்குரூ ஆணியைத்தான் சொல்கிறேன்) போகிற ஓட்டையையும் ஆணியை விடக் கொஞ்சம் பெரிதாகத் துளையுங்கள்.

இன்னொன்று: இந்தப் பிவிசி 75, 80 பாகைக்குக் கிட்ட இளகத் தொடங்கும். கறுப்பு, கரும் நீலக் கூரையின் தகரம் நல்ல வெயிலில் 70ஐத் தொடக்கூடியது. ஆகவே தகரத்தில் நேராகப் பட விடாதீர்கள். மேலே சொன்ன இடைவெளியும் வெள்ளித்தாளும் இதற்கும் உதவும். வெள்ளைக் கூரையென்றால் பாதிப் பிரச்சினை பிறக்கவே பிறக்காது.

ஓடாவியார் 6 மில்லி பலகைதான் வேண்டும் என்கிறார். சரியா?

ஓடாவியார் கதவும் அலுமாரியும் செய்து பழகியவர், தடிப்பாக இருந்தால்தான் அவருக்கு மனம் ஆறும். கூரைக்கு அது கூடுதல். 8க்கு 4 அடி ஷீட் ஒன்று 3 மில்லியில் 5 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 6 மில்லியில் அதன் இரட்டிப்பு. பாரத்தை விட வளைவுதான் பிரச்சினை. கூரை தட்டையில்லை, இரண்டு ஓரமும் கீழே இறங்குகிறது. 6 மில்லியை வளைத்து ஆணி அடித்தால், அது நிமிரப் பார்த்துக்கொண்டே இருக்கும். கரடியனாறு, உன்னிச்சைப் பக்கத்துக் குழி ரோட்டில் ஒரு மாதம் ஓடினால் ஆணி ஒவ்வொன்றாகக் கழன்று வரும்.

ஷீட்டின் 8 அடியை வானின் நீளவாக்கில் வையுங்கள். பிளைவூட்டின் மேல் நார் பொதுவாக நீளத்துக்கு ஓடும், ஆகவே அப்படி வைத்தால் அகலவாக்கில் இலகுவாக வளையும். குறுக்கே வைத்துவிட்டு 'வளையுதில்லையே' என்று முட்டுக்கொடுத்துக் கொண்டிருக்கிறவர்களைப் பார்க்கலாம். கேடிஎச் நீள வானின் உள்நீளம் கிட்டத்தட்ட 3 மீற்றர். ஒரு முழு ஷீட், இரண்டாவதில் 2 அடித் துண்டு, சேர்ந்தால் நீளம் முடிந்தது. 4 அடி அகலத்துக்குப் பிறகு இரு ஓரமும் மிஞ்சுகிற இடத்துக்கு இரண்டாவது ஷீட்டின் மிச்சத்தில் பட்டி வெட்டுங்கள். அந்த ஓரப் பட்டி தனியாகக் கழலுகிற மாதிரி இருக்கட்டும். வயர் எல்லாம் அதன் பின்னால் ஓடினால், ஒரு லைட் எரியாத நாளில் முழுச் சீலிங்கையும் இறக்கத் தேவையில்லை.

தனியாகச் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் முதல் ஷீட்டைத் தூக்க ஒரு ஆள் இருந்தால் கோபம் குறையும். ஆளில்லாவிட்டால் இரண்டு முட்டுக்கம்பு செய்துகொள்ளுங்கள். தும்புத்தடிக் கம்பின் நுனியில் இரண்டடிப் பலகைத் துண்டைக் குறுக்கே அடித்து, பழைய துணி சுற்றுங்கள். கம்பு தரைக்கும் பலகைக்கும் இடையில் கொஞ்சம் இறுக்கமாக நிற்கிற நீளம். நடுவை முதலில் முட்டுக்கொடுத்து, நடுச் சட்டத்தில் ஆணி பூட்டி, பிறகு ஓரங்களை நோக்கிப் போங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் வயிறு விழும்.

ஆணி எது, எவ்வளவு நீளம்?

குட்டை ஆணி. சட்டத்துக்கு மேலே, நீங்கள் நினைப்பதை விடக் கிட்டத்தில், கூரைத் தகரம் இருக்கிறது. 3 மில்லி பலகை, அமுங்கிய ஷீட், சட்டத் தகடு எல்லாவற்றுக்கும் 16 மில்லி போதும். ட்ரில் பிட்டில் 10 மில்லியில் டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை கை வழுக்கிக் கூரை துளைந்தால் மலிவுச் சீலிங் மலிவாக முடியாது.

ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். சாதாரண முலாம் பூசிய ஆணி கல்லடியிலோ ஒலுவிலிலோ நிற்கிற வானில் ஒரு வருஷத்துக்குள் தலையைச் சுற்றி மண்ணிற வளையம் போடும். மொத்தமே ஐம்பது, அறுபது ஆணிதான்; மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை. அலுமினியப் பொப் ரிவெட் அடிக்கச் சொல்வார்கள். இரும்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரத் தொடங்கும். அதை விட, ரிவெட்டைக் கழற்ற வேண்டுமென்றால் உடைக்க வேண்டும். துளைத்த ஓட்டையின் விளிம்பில் ஆணி போகுமுன் ஒரு துளி ரெட் ஒக்சைட் தொட்டு வையுங்கள். சின்னத் தூரிகையால் ஐந்து நிமிஷ வேலை.

துணி ஒட்டினால் தொங்கிவிடுமா?

பழைய கார்களில் கூரைத்துணி தொப்பையாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பெரும்பாலும் துணிக்குப் பின்னால் இருக்கிற மெல்லிய ஸ்பொஞ்சுதான் சூட்டிலும் ஈரத்திலும் பொடியாகிப் போகிறது. ஒட்டிய பசையில் குற்றமில்லை. பொடியான ஸ்பொஞ்சின் மேல் திரும்பப் பசை அடிப்பது வீண். பொடி முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டும்.

ஸ்பொஞ் இல்லாத துணியை எடுங்கள். மருதமுனைக் கைத்தறித் துணி இதற்கு அருமை: நெசவு இறுக்கம், பருத்தி, பார்வைக்கும் கண்ணியம். பசையை நம்பாமல், துணியைப் பலகைக்கு மேலால் மடித்துப் பின்பக்கம் ஸ்டேப்பிள் அடித்தால் எந்த வெயிலுக்கும் தொங்காது, அழுக்கானால் கழற்றித் தோய்க்கலாம். அதற்கு முதல் ஒரு தடவை தண்ணீரில் நனைத்துக் காயவையுங்கள், சுருங்குவது அப்போதே சுருங்கட்டும். பசைதான் வேண்டுமென்றால் சூடு தாங்கும் வகை என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண ரப்பர் பசை வெயில் கூரைக்குக் கீழே இளகும்.

ரிஜிபோம் (சாமான் பெட்டிகளில் வருகிற வெள்ளை நுரைப்பலகை) சும்மா கிடக்கிறது. போடலாமா?

வேண்டாம். தீப்பிடித்தால் உருகித் தலையில் சொட்டும், கறுத்த புகை வரும். ஓடும்போது தகரத்தில் உரசிக் கீச்சிடும். ரப்பர் பசை பட்டால் கரைந்தே போகும், செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தும்பு?

ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். மெத்தைக்கு நல்லது, கூரைக்கு இல்லை.

மழை பெய்தால் பறை அடிக்கிற மாதிரிச் சத்தம். எப்படிக் குறைப்பது?

முழுக் கூரைக்கும் ஒட்டுகிற சத்தம் அடக்கும் ஷீட் வாங்கத் தேவையில்லை. இரண்டு சட்டங்களுக்கு நடுவே உள்ள தகரத்தின் மத்தியில், கால் பங்கு இடத்துக்கு ஒட்டினாலே தகரம் அதிர்வது அடங்கிவிடும். ஆனால் பியூட்டைல் ரப்பர் வகை வாங்குங்கள். கூரை ஒழுக்குக்கு ஒட்டுகிற மலிவுத் தார் டேப் நம் வெயிலில் இளகி வழுக்கும், மணக்கும். அந்த மணம் வானை விட்டுப் போகாது.

காற்றாடி வைக்கக் கூரையை வெட்டலாமா?

வைக்கிறதென்றால் சீலிங்குக்கு முதல். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் அழகான சீலிங்கை விட 12 வோல்ட் கூரைக் காற்றாடி மேல். வெக்கை மேலே கூடி நிற்கிறது, அதை வெளியே தள்ளுகிற சாமான் அது. வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்து, பிரைமர் அடித்து, பொலியூரித்தேன் சீலன்ட் போடுங்கள். சாதாரணச் சிலிகன் மேல் பெயின்ட் பிடிக்காது. பழைய சிலிகனுக்கு மேல் புதுச் சிலிகனும் பிடிக்காது, ஆகவே பிறகு திருத்துவது தொல்லை.

வயர் எப்போது இழுப்பது?

சீலிங்குக்கு முன்னே, பிளாஸ்டிக் குழாய்க்குள். தகர ஓட்டை வழியாக வயர் போகிற ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் வளையம். பற்றரிக்குப் பக்கத்தில் பியூஸ். எந்தச் சட்டத்தில் எந்த வயர் போகிறது என்று போனில் படம் பிடித்து வையுங்கள், ஆணி துளைக்கும்போது பார்க்க.

பதிவுச் சான்றிதழில் ஏதும் மாற்ற வேண்டுமா?

சீலிங் பலகை அடிப்பதற்காக இல்லை. ஆனால் ஆசனம் கூட்டினாலோ குறைத்தாலோ, வாகன வகை மாறினாலோ, நிறம் மாறினாலோ அது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போகிற விஷயம். வெயிலுக்காகக் கூரையை மட்டும் வெள்ளையடிக்க நினைக்கிறவர்களும் முதலில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். காப்புறுதிக் கம்பனிக்கும் அடுப்பு வைத்ததைச் சொல்லிவையுங்கள். புதிய வான்களில் பக்க ஜன்னலுக்கு மேலே எயார்பேக் இருக்கலாம். அந்த இடத்தைப் பலகையால் மூடவே கூடாது.

எந்த மாதம் நல்லது?

ஒழுக்குப் பார்க்க மார்கழி, சீலிங் அடிக்க மாசி, பங்குனி. மாரியில் காற்றில் இருக்கிற ஈரத்துக்குப் பசையும் வார்னிஷும் ஒழுங்காகக் காயாது, வார்னிஷ் வெளிறிப்போகும். ஆனி, ஆடியில் மத்தியானம் வானுக்குள் நின்று கையைத் தூக்கி வேலை செய்ய முடியாது. அந்த மாதங்களில்தான் செய்ய வேண்டுமென்றால் விடிய ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு நிறுத்துங்கள்.

சீலிங் அடித்து முடித்த பிறகு ஒரு இடத்தில் நனைந்த தடம். அங்கேதான் ஒழுகுகிறதா?

பெரும்பாலும் அங்கே இல்லை. தண்ணீர் சட்டத்தின் வழியே ஓடி, பலகை தாழ்ந்த இடத்தில்தான் வெளியே தெரியும். ஓட்டை இரண்டு அடி தள்ளி இருக்கலாம். முதலில் அது ஒழுக்கா, வியர்வையா என்று பிரியுங்கள். மழையில்லாத இரவில், உள்ளே ஆள் படுத்த பிறகு மட்டும் வருகிறதென்றால் வியர்வை. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து படுங்கள், ஓர இடைவெளி அடைபட்டிருக்கிறதா பாருங்கள். ஆள் படுக்காத நாளிலும் மழைக்கு வருகிறதென்றால் ஒழுக்கு. பக்கத்து ஓரப் பட்டியைக் கழற்றி, சட்டத்தின் மேல் டிசு பேப்பர் துண்டுகளைச் சாண் இடைவெளியில் செருகி வையுங்கள். வெளியே ஒருவர் குழாயைத் தாழ்ந்த பக்கத்திலிருந்து மேலே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தட்டும், ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நிமிஷம். எந்தத் துண்டு முதலில் நனைகிறதோ, அதற்கு மேலே உள்ள மடிப்பையும் ஆணியையும் தேடுங்கள்.